வேலை தேடி வந்தவரின் விபரங்களும் அமானிதமே!

எல்லாப் புகழும் ஏகன் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும், அமானிதம் பேணுவதில் அகிலத்துக்கே முன்மாதிரியாய் விளங்கிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



'அமானிதம்' என்றதும் நம் நினைவுக்கு வருவது பணமும் நகையும்தாம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் நம்பிக்கையானவரிடம் கொடுத்துச் செல்லும் நகைப்பெட்டி, விதவைப் பெண் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்த சேமிப்பு, பள்ளிவாசல் முத்தவல்லியின் கையிலுள்ள வக்ஃபுப் பணம் ஆகியவையெல்லாம் அமானிதங்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பெட்டியில் வைக்க முடியாத, தராசில் நிறுக்க முடியாத ஓர் அமானிதம் இன்று நம்மில் பலர் கையில் குவிந்து கிடக்கிறது. அதை அமானிதம் என்று நினைத்துப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே.

ஓர் இளைஞர் வேலை கேட்டு வருகிறார். ஜவுளிக்கடையோ, தோல் பதனிடும் தொழிற்சாலையோ, மருத்துவமனையோ, பெரிய கம்பெனியோ, எதுவாகவும் இருக்கலாம். அவர் தம் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு, முன்பு வாங்கிய சம்பளம், அந்த வேலையை விட்ட காரணம், உடலில் உள்ள நோய் என அத்தனையையும் எழுதிக் கொடுக்கிறார். பெண்ணாக இருந்தால் திருமணம் ஆயிற்றா, குழந்தை உண்டா என்றும் கேட்கப்படுகிறது. முன்பெல்லாம் இவை ஒரு காகிதக் கோப்பில் கிடந்தன. அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டுமானால் அலமாரியைத் திறக்க வேண்டும். இப்போது அவை ஒரு சாஃப்ட்வேருக்குள் போய் அமர்கின்றன. அதை எத்தனை பேர் திறக்கலாம், எந்த ஊரிலிருந்து திறக்கலாம் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. பல சமயம் வாங்கியவருக்கும் தெரியாது. வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவருடைய விபரங்கள் மட்டும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இந்த விபரங்கள் யாருக்குச் சொந்தம்? "என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, ஆகவே என்னுடையவை" என்று முதலாளி நினைக்கிறார். ஷரீஅத் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் அலமாரியில் இருப்பதால் அடுத்தவரின் நகை உங்களுடையதாகி விடுமா? அதுபோலத்தான் இதுவும்.

கஅபாவின் திறவுகோல்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. புனித கஅபாவின் திறவுகோல் அன்று உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய குடும்பத்தார் வகித்து வந்த பொறுப்பு அது. பெருமானார் (ஸல்) அவர்கள் திறவுகோலை வாங்கி, கஅபாவைத் திறந்து உள்ளே சென்று வெளியே வந்தார்கள். நகரமே அவர்கள் கையில் இருந்தது. பத்தாயிரம் தோழர்கள் சுற்றி நின்றார்கள். அந்த நேரத்தில், ஹாஜிகளுக்குத் தண்ணீர் புகட்டும் பொறுப்புடன் இந்தத் திறவுகோலையும் தங்களுக்கே தந்துவிடுமாறு நபிகளாரின் நெருங்கிய உறவினர் தரப்பிலிருந்து கோரிக்கை எழுந்தது. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களை அழைத்துத் திறவுகோலை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் திருமறையின் 4ஆம் அத்தியாயம் 58ஆம் வசனம் இச்சந்தர்ப்பத்தில் இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். அக்குடும்பத்தாரிடமே அத்திறவுகோல் இன்றளவும் இருந்து வருகிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. அதிகாரம் நம் கையில் வந்துவிட்டது என்பதற்காக அமானிதம் நம் சொத்தாகிவிடாது. உறவினர், வேண்டியவர் என்பதற்காகத் திறவுகோலைத் தூக்கிக் கொடுத்துவிடவும் கூடாது.

நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் நடப்பதென்ன? சம்பளக் கணக்கும் ஊழியர் விபரமும் அடங்கிய சாஃப்ட்வேருக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு. அது முதலாளிக்குத் தெரியும், அவருடைய மகனுக்குத் தெரியும், மைத்துனருக்குத் தெரியும், கணக்கெழுதும் தம்பிக்குத் தெரியும். போன வருடம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். அதை இன்னும் மாற்றவில்லை. போதாக்குறைக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டரின் நெற்றியிலேயே ஒட்டியும் வைத்திருக்கிறோம்! பாஸ்வேர்டு என்பது ஒரு திறவுகோல். நூறு குடும்பங்களின் மானம் அதற்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதை உறவு தீர்மானிக்கக் கூடாது. பொறுப்புதான் தீர்மானிக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னவர்

ஒருவர் நம்மிடம் ஒரு செய்தியைச் சொல்லும்போது, யாரேனும் கேட்கிறார்களா என்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தால், அந்தச் செய்தி அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம் பெற்றுள்ளது. "இது இரகசியம், யாரிடமும் சொல்லாதீர்" என்று அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும்.

வேலை கேட்டு வந்தவரை எண்ணிப் பாருங்கள். தம் நோயை அவர் ஊருக்கெல்லாம் சொல்லவில்லை. சொந்தத் தம்பிக்குக் கூடச் சொல்லாததை உங்கள் படிவத்தில் எழுதியிருக்கிறார். ஏன் எழுதினார்? எழுதாவிட்டால் வேலை கிடைக்காது என்ற பயத்தால் எழுதினார். நகையை அமானிதம் வைப்பவர் தாமாக விரும்பி, நம்பிக்கையானவரைத் தேடிப்போய் வைக்கிறார். பிடிக்கவில்லையென்றால் வேறொருவரிடம் போகலாம். இவருக்கோ அந்த வழியில்லை. குடும்பத்தின் பசி அவரைப் பேச வைக்கிறது. தேவையால் நிர்ப்பந்தமாகி ஒருவர் ஒப்படைத்ததை அலட்சியமாகக் கையாள்வது, விருப்பத்தோடு ஒப்படைத்ததைக் கையாடுவதை விட இலேசானது என்று யார் சொன்னார்?

அவர் எந்தச் சமயத்தவர் என்பதும் இங்கே கேள்வியல்ல. ஹிஜ்ரத்தின் இரவில், தம்மைக் கொல்லச் சதி செய்தவர்களின் ஊராருடைய அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்திலும் எதிரிகளின் பொருள் பத்திரமாகத் திரும்பியது என்றால், நம் கடையில் உண்மையாக உழைக்கும் மாற்றுமத சகோதரரின் விபரத்தை நாம் எப்படிக் காக்க வேண்டும்!

தகுந்த காப்பிடம்

ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்றொரு பாடம் உண்டு. ஒருவர் பாதுகாக்கக் கொடுத்த பொருளைப் பற்றிய சட்டங்கள் அதில் விவரிக்கப்படுகின்றன. அமானிதம் பெற்றவர் தம் தவறு ஏதுமின்றிப் பொருள் அழிந்துபோனால் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் அவர் வரம்பு மீறினாலும், கவனக்குறைவாக இருந்தாலும் பொறுப்பேற்க வேண்டும். முன்னதை 'தஅத்தீ' என்றும், பின்னதை 'தஃப்ரீத்' என்றும் கூறுவர். பொருளை அதன் தகுதிக்கேற்ற காப்பிடத்தில் வைப்பதும் கடமை; அந்த இடத்துக்கு 'ஹிர்ஸு மிஸ்ல்' என்று பெயர். தங்கத்தை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு, "நான் திருடவில்லையே!" என்று சொன்னால் அந்தச் சொல் ஏற்கப்படாது.

'தகவல்' என்பது ஃபிக்ஹு பாஷையில் 'மால்' ஆகுமா, அதற்கு ஈட்டுத்தொகை எப்படிக் கணக்கிடுவது என்பவை மூத்த முஃப்திகள் கூடி ஆராய வேண்டியவை. இங்கு நான் ஃபத்வா கூற முன்வரவில்லை. ஆனால் பேணிக் காக்கும் கடமையும், மீறினால் உண்டாகும் பாவமும் தெளிவானவை. மனிதரின் உயிரும் பொருளும் போலவே மானமும் புனிதமானது என்பதன்றோ இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடுத்த அறிவிப்பு!

அண்மையில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக 'மெக்ஹயர்' என்ற ஏற்பாடு உள்ளது. 2025இல் பேரடாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி அதை நடத்தி வந்தது. விண்ணப்பதாரர்களிடம் கேள்வி கேட்பதும் விபரம் வாங்குவதும் மனிதரல்ல. ஒரு செயற்கை அறிவு இயந்திரம். 2025 ஜூனில் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இருவர் அதைச் சோதித்தார்கள். அதில் ஒரு கணக்கின் பெயரும் 123456; பாஸ்வேர்டும் 123456! சோதனைக்காக ஏற்படுத்தி, 2019க்குப் பின் எவரும் தொடாமல் கிடந்த கணக்கு அது. அதன் வழியே நுழைந்து, விண்ணப்ப எண்ணை மாற்றி மாற்றிப் போட்டால் பிறருடைய பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், உரையாடல் எல்லாம் தெரிந்தன. சுமார் 6 கோடியே 40 இலட்சம் பதிவுகள் இவ்வாறு எட்டும் தூரத்தில் இருந்தன. அவ்விருவரும் ஒரு சில பதிவுகளை மட்டும் பார்த்து உறுதி செய்துகொண்டு, உடனே உரியவர்களுக்குத் தெரிவித்தார்கள். ஓட்டையும் விரைவில் அடைக்கப்பட்டது. அவர்களுக்குப் பதிலாக ஒரு திருடன் அந்தக் கதவைத் தட்டியிருந்தால்?

இதைத்தான் நம் ஃபுகஹாக்கள் 'தஃப்ரீத்' என்றார்கள். அங்கே யாரும் திருடவில்லை. கெட்ட எண்ணமும் எவருக்கும் இல்லை. பயன்படாத ஒரு வாசலை மூட மறந்தார்கள், அவ்வளவே. கோடிக்கணக்கானவர்களின் அமானிதம் அந்த மறதியில் தொங்கியது. ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பதிலளித்ததை நாம் மிம்பர்தோறும் கேட்கிறோம். நம் கம்ப்யூட்டரிலும் கட்டப்படாத ஒட்டகங்கள் உண்டா என்று பார்க்க வேண்டாமா?

வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் சகோதரர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், மருத்துவப் பரிசோதனை முடிவு, புகைப்படம் ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "யாருக்காவது ஆள் தேவையா?" என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது. குழுவில் இருநூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? ஓர் ஏழையின் பாஸ்போர்ட்டை நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துருவித் துருவிப் பார்த்தல்

கவனக்குறைவு ஒருபுறமிருக்க, தேவையற்றதைத் தேடித் திரட்டுவது மற்றொரு நோய். திருமறையின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் அதிகச் சந்தேகத்தையும், பிறர் குறையைத் துருவுவதையும், புறம் பேசுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்கிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் துருவலுக்குக் கொண்டுபோகிறது. துருவல் புறம் பேச்சில் முடிகிறது. புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைப் புசிப்பதற்கு ஒப்பிட்டு அவ்வசனம் எச்சரிக்கிறது.

ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் ஹெச் அண்ட் எம் என்ற ஆடைக் கம்பெனியின் சேவை மையம் ஒன்றில் இந்த மூன்றும் சாஃப்ட்வேருக்குள்ளேயே நடந்தன. விடுப்பு முடிந்தோ, நோய் நீங்கியோ திரும்பும் ஊழியரை மேலாளர் அழைத்து அன்பாகப் பேசுவார். எங்கே போனீர்கள், என்ன நோய், மருத்துவர் என்ன சொன்னார் என்று விசாரிப்பார். பேச்சு முடிந்ததும் அத்தனையும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். குடும்பச் சண்டை, மத நம்பிக்கை பற்றிய நடைவழிப் பேச்சுகளும் அதில் சேர்ந்தன. குறைந்தது 2014 முதல் இது நடந்திருக்கிறது. ஐம்பது மேலாளர்கள் வரை இவற்றைப் படிக்க முடிந்தது; வேலை பற்றிய முடிவுகளுக்கும் இவை பயன்பட்டன. 2019 அக்டோபரில் ஒரு கம்ப்யூட்டர் கோளாறு ஏற்பட்டு, இந்தக் குறிப்புகள் சில மணி நேரம் கம்பெனி முழுவதற்கும் தெரியும்படி திறந்து கிடந்தன. விஷயம் வெளியே வந்தது. ஹாம்பர்க் நகரத் தகவல் பாதுகாப்பு ஆணையர் 2020 அக்டோபரில் 3 கோடியே 53 இலட்சம் யூரோ அபராதம் விதித்தார். கம்பெனி ஊழியர்களிடம் வருத்தம் தெரிவித்து, நஷ்டஈடு தரவும் முன்வந்தது.

சகோதரர்களே! நலம் விசாரிப்பது சுன்னத். ஆனால் நலம் விசாரிப்பதைப் போல் கேட்டு, அதைக் குற்றப் பத்திரிகையாக எழுதி வைப்பது எந்த வகையைச் சேர்ந்தது?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்து சென்றபோது ஒரு வீட்டினுள் கேட்ட ஓசையில் சந்தேகம் கொண்டு மதிலேறி உள்ளே இறங்கிய நிகழ்ச்சியைப் பெரியோர்கள் எடுத்துரைப்பார்கள். உள்ளிருந்தவர் குற்றத்தில் இருந்தார். எனினும் அவர், "நான் ஒரு தவறு செய்தேன், தாங்களோ துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வராமல் மதிலேறி வந்தீர்கள், அனுமதியும் கேட்கவில்லை, ஆக மூன்று" என்ற பொருள்படச் சொன்னார். கலீஃபா கோபிக்கவில்லை, அவரை மன்னித்து வெளியேறினார்கள். ஆட்சித் தலைவருக்கே மதிலேற உரிமையில்லை என்றால், மாதச் சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக ஊழியரின் வீட்டு மதிலை நாம் ஏறலாமா?

உள்ளே இருப்பவரின் பொறுப்பு

வெளியிலிருந்து வரும் திருடனுக்குப் பூட்டுப் போடலாம். உள்ளே அமர்ந்து திறவுகோலை வைத்திருப்பவரே கியானத் செய்தால்? இங்கிலாந்தின் மாரிசன்ஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனத்தில் கணக்குத் தணிக்கைப் பிரிவில் மூத்த பொறுப்பில் ஒருவர் இருந்தார். தம் மீது எடுக்கப்பட்ட சிறிய ஒழுங்கு நடவடிக்கைக்காக நிறுவனத்தின் மீது வன்மம் கொண்டார். வெளித் தணிக்கையாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட சம்பளப் பட்டியலை அவர் நகலெடுத்துக்கொண்டு, 2014 ஜனவரியில் இணையத்தில் பரப்பினார். சுமார் ஒரு இலட்சம் ஊழியர்களின் பெயர், முகவரி, சம்பளம், வங்கிக் கணக்கு அனைத்தும் வெளியாயின. 2015இல் அவருக்கு எட்டாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். அம்மனிதரின் சொந்த வன்மத்தால் நடந்த குற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2020 ஏப்ரலில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்குக் கோபம் நிறுவனத்தின் மீது. அடி விழுந்ததோ அப்பாவி ஊழியர்கள் மீது.

அனஸ் (ரலி) அவர்களின் சரித்திரத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். சிறுவரான அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஓர் அலுவலாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. காரணம் கேட்ட தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களிடம், அது நபிகளாரின் இரகசியம் என்று மட்டும் கூறினார்கள். தாய் கோபித்தார்களா? இல்லை. அப்படியானால் யாரிடமும் சொல்லாதே என்று மகனுக்கு அறிவுறுத்தினார்கள். முதுமை வந்த பின்னும் அனஸ் (ரலி) அவர்கள் அதை வெளியிடவில்லை என முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம்.

அலுவலகத்தில் ஊழியர் விபரங்களைக் கையாளும் தம்பிமார்களே, தங்கைமார்களே! வீட்டில் உம்மா கேட்டாலும், நண்பர் தேநீர்க் கடையில் தோண்டிக் கேட்டாலும், யாருக்கு என்ன சம்பளம், யார் எந்த நோய்க்கு விடுப்பு எடுத்தார் என்பது உங்கள் வாயிலிருந்து வரலாகாது. ஒரு பெண்ணின் விண்ணப்பத்திலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்துச் சொந்தமாகச் செய்தி அனுப்புகிறவன், அமானிதப் பெட்டியை உடைத்தவனே. அவள் வேலைக்குக் கொடுத்த எண் அது, அவனுக்குக் கொடுத்ததல்ல. "முதலாளி எடுத்துத் தரச் சொன்னார்" என்பதும் சாக்காகாது. படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்பினங்களுக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நபிவழி நமக்குத் தந்த அளவுகோல்.

மாப்பிள்ளை பற்றி விசாரித்தால்?

இங்கே ஒரு கேள்வி எழும். பெண் வீட்டார் நம்பிக்கையோடு வந்து, "உங்கள் கம்பெனியில்தான் பையன் வேலை செய்கிறார், சம்பளம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் என்ன செய்வது? ஒரு பெண்ணின் வாழ்க்கை அல்லவா?

ஆலோசனை கேட்டவருக்கு உண்மை சொல்வது கடமைதான். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசித்தபோது, ஒருவரின் வறுமையையும் மற்றொருவரின் கண்டிப்பையும் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. பழகியதால் நீங்கள் அறிந்த குணத்தை, கேட்ட அளவுக்கு, கேட்டவரிடம் மட்டும் சொல்லலாம். ஆனால் உங்கள் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்ட சம்பளக் கோப்பைத் திறந்து பார்த்துச் சொல்வது வேறு. அந்தத் திறவுகோல் சம்பளம் போடுவதற்காகத் தரப்பட்டது. சம்பந்தம் பேசுவதற்காக அல்ல. "பையனிடமே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால், பெண் வீட்டாருக்கும் உண்மை கிடைக்கும். உங்கள் அமானிதமும் காப்பாற்றப்படும். முன்பு வேலை செய்த ஊழியரைப் பற்றி மற்றொரு முதலாளி விசாரிக்கும்போதும் இந்த அளவுகோலே பொருந்தும். வேலைக்குச் சம்பந்தப்பட்டதைச் சொல்லுங்கள்; அவர் வீட்டுக் கதையை விட்டுவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: தேவைக்கு மேல் கேட்காதீர்கள். நேர்முகத் தேர்வுக்கு வருபவரிடம் வங்கிக் கணக்கு எண் எதற்கு? வேலை உறுதியான பின் கேட்டால் போதுமே. வாங்காத அமானிதத்துக்குக் கேள்வி கணக்கு இல்லை.

இரண்டு: கைரேகை விஷயத்தில் பன்மடங்கு எச்சரிக்கை தேவை. அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து சுமார் 2 கோடியே 15 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போனது 2015இல் தெரியவந்தது. அவற்றுள் 56 இலட்சம் பேரின் கைரேகைகளும் அடங்கும். களவுபோன பாஸ்வேர்டை மாற்றலாம். அல்லாஹ் படைத்த கைரேகையை யார் மாற்றுவது? வருகைப் பதிவுக்கு அட்டையோ கையெழுத்தோ போதுமானால் அதோடு நிறுத்துங்கள்.

மூன்று: ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். சம்பளம் போடுகிறவர் மருத்துவக் குறிப்பைப் பார்க்க வேண்டியதில்லை. விடுப்பைக் கவனிக்கிறவர் வங்கி எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. வேலையை விட்டவரின் கணக்கை அன்றே மூடுங்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டும் இருக்கட்டும்.

நான்கு: சாஃப்ட்வேர் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். விபரங்கள் பிறர் படிக்க முடியாத சங்கேத வடிவில் வைக்கப்படுமா, யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்ற குறிப்பு இருக்குமா என்றும் கேளுங்கள். சாஃப்ட்வேர் எழுதும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: சோதனை செய்து பார்ப்பதற்கு உண்மையான ஊழியரின் பட்டியலை எடுக்காதீர்கள், கற்பனைப் பெயர்களை இட்டுச் சோதியுங்கள்.

ஐந்து: வேலை முடிந்த விபரத்தை அழித்து விடுங்கள். வேலை கொடுக்கப்படாதவரின் விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்கில் ஏன் சுமக்கிறீர்கள்? சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

ஆறு: தவறி வெளியே போய்விட்டால் மறைக்காதீர்கள். உரியவருக்கு உடனே தெரிவித்தால் அவர் வங்கிக் கணக்கையாவது காத்துக் கொள்வார். மறைப்பது, முதல் தவறின் மேல் ஏற்றும் இரண்டாவது கியானத்.

நாட்டுச் சட்டமும் இப்போது இதையே வலியுறுத்துகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை தொடர்பான தேவைகளுக்கு முதலாளி விபரங்களைக் கையாள அது இடமளிக்கிறது. ஆனால் தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. பிறர் தகவலை வைத்திருப்பவருக்கு அச்சட்டம் இட்டுள்ள பெயர் 'ஃபிடூஷியரி'. நம்பிக்கையின் பேரில் பொறுப்பேற்றவர் என்பது அதன் பொருள். நம் வழக்கில் சொன்னால், 'அமீன்'!

திவாலானவர்

அபராதத்துக்குப் பயந்து அமானிதம் காப்பவர், அபராதம் வராத இடத்தில் கைவிட்டுவிடுவார். முஃமினின் அச்சம் வேறு. உண்மையில் திவாலானவர் யார் என்று ஸஹாபாக்களிடம் கேட்டு, நாயகம் (ஸல்) அவர்களே விளக்கினார்கள்: தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வருவார், ஆனால் பிறரை ஏசி, அவதூறு கூறி, பொருளை உண்டு, துன்புறுத்தியும் இருப்பார், அவருடைய நன்மைகள் ஒவ்வொன்றாக அவர்களுக்குப் பங்கிடப்படும், நன்மைகள் தீர்ந்ததும் அவர்களின் பாவங்கள் இவர் மீது சுமத்தப்படும்.

ஒருவரைப் பற்றிப் புறம் பேசினால், அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். உங்கள் அலட்சியத்தால் ஆயிரம் பேரின் விபரம் வெளியே போனால், அந்த ஆயிரம் பேரை எங்கே தேடுவீர்கள்? ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் மரணித்திருப்பார், ஒருவருடைய முகத்தைக் கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வேலை கிடைக்காமல் உங்கள் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவரும் அவர்களில் இருப்பார். இவ்வுலகில் நீங்கள் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அங்கே உங்கள் தொழுகையை அவருக்குக் கொடுக்க வேண்டி வந்தால்?

சாஃப்ட்வேர், யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பைத் தெரிந்தவர் அழித்துவிடலாம். நம் தோள்களில் இருந்து எழுதும் கண்ணியமிக்க வானவர்களின் ஏட்டை எவரும் அழிக்க இயலாது.

ஆகவே, நாளைக் காலையில் கடையைத் திறந்ததும் கணக்கைப் பார்க்கும் முன், ஊழியர் விபரங்களின் திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருக்கக் கூடாதவரிடம் இருப்பதைத் திரும்ப வாங்குங்கள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்ற நற்செய்தி நமக்கு உண்டு.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணும் நன்மக்களாக ஆக்கியருள்வானாக! நம்மை நம்பி வந்தவர்களின் மானத்தைக் காக்கும் பாக்கியத்தைத் தந்து, அந்தப் பெருநாளில் நம் மானத்தைக் காத்தருள்வானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!